பாலை நிறுத்தினேன், வயிறு கேட்கவில்லை

கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து 36 வயது வாசகி ஒருவர் மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

ரத்தசோகை, வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு என்று இரண்டு வருடம் அலைந்த பிறகு, எட்டு மாதத்துக்கு முன்னால் எண்டோஸ்கோப்பி செய்து அவருக்கு சீலியாக் நோய் (குளூட்டன் என்ற தானியப் புரதம் சிறுகுடலைக் கெடுக்கும் நோய்) என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றே கோதுமையை விட்டுவிட்டார். "மூன்று வேளையும் சோறு சாப்பிடும் வீடு, அதனால் அது பெரிய கஷ்டமாக இல்லை" என்கிறார். ஆனால் பால் குடித்தால் வயிறு உப்புகிறது, சில நாள் பேதியாகிறது. குளூட்டன் கூடாது என்றால் பாலும் கூடாது என்று உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டுப் பாலை அடியோடு நிறுத்திவிட்டார். தஞ்சாவூரிலிருந்து ஓட்ஸ் பாலும் பாதாம் பாலும் டப்பா டப்பாவாக வரவழைக்கிறார். மாதம் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறதாம். அப்படியும் வயிறு சரியாகவில்லை. நீர்மோர் குடித்தாலும் ஒரு மாதிரி இருக்கிறது. கால்சியத்துக்காகக் கேழ்வரகை ஊர் மில்லில் அரைத்துக் கூழ் காய்ச்சுகிறார். காலையில் தைராய்டு மாத்திரை, அப்புறம் இரும்புச்சத்து மாத்திரை.

இதோடு, அரசுப் பள்ளியில் நாலாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கும் 'முன்னெச்சரிக்கையாக' பாலை நிறுத்திவிட்டு, அரிசியை ஊறவைத்து அரைத்து அரிசிப் பால் கொடுக்கிறார். கடைசிப் பத்தியை அப்படியே தருகிறேன்: "காலையில் என் மாமியார் எதிரில் உட்கார்ந்து டிகிரி காபி குடிக்கும்போது அந்த வாசனை தாங்காமல் கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன். தாவரப் பால்களில் எது எனக்கு நல்லது என்று மட்டும் சொல்லுங்கள், போதும்."

அன்புச் சகோதரிக்கு,

எது நல்லது என்று மட்டும் சொன்னால் போதும் என்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று: பாலில் குளூட்டன் கிடையாது. குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம். பசும்பால், எருமைப்பால், தயிர், மோர், நெய் எதிலும் அது இல்லை. நீங்கள் விட வேண்டியது கோதுமையும் அதன் உறவுகளும்தான். பாலை விடச் சொல்லி உங்கள் மருத்துவர் எழுதியதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை.

"அப்புறம் ஏன் பால் குடித்தால் உப்புகிறது?" என்று கேட்பீர்கள். சிறுகுடலின் உட்சுவரில் குடலுறிஞ்சிகள் என்று விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய அமைப்புகள் உண்டு. பாலில் உள்ள சர்க்கரையின் பெயர் லாக்டோஸ். அதைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற நொதி அந்த விரல்களின் நுனியில்தான் இருக்கிறது. சீலியாக் நோயில் குளூட்டன் பட்டுப் பட்டு அந்த விரல்கள் தேய்ந்து போகின்றன. நுனியே இல்லையென்றால் நொதி ஏது? செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, வாயுவாகவும் பேதியாகவும் வெளிப்படுகிறது. உங்கள் பால் தொல்லை பெரும்பாலும் இப்படி வந்ததுதான். குளூட்டன் முழுமையாக நின்றால் விரல்கள் மறுபடி வளரும், நொதியும் திரும்பும். சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். தென்னிந்தியர்களில் பலருக்கு வயது வந்த பிறகு லாக்டேஸ் இயல்பாகவே குறைந்துவிடுகிறது என்பதால், உங்களுக்குப் பழைய அளவுக்குத் திரும்பாமலும் போகலாம். அப்படியே இருந்தாலும் பாலைக் குறைக்க வேண்டுமே தவிர, ஒழிக்க வேண்டியதில்லை.

நான் 'முழுமையாக நின்றால்' என்று எழுதியதைக் கவனியுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது பால் இல்லை, அந்த நீர்மோர்.

மோரில் என்ன போடுகிறீர்கள்?

தயிராகப் புளிக்கும்போதே பாலின் லாக்டோஸ் கொஞ்சம் குறைந்துவிடும். அதில் தண்ணீர் விட்டுக் கடைந்த மோரில் இன்னும் குறைவு. பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் மோர் ஒத்துக்கொள்ளும். உங்களுக்கு மட்டும் ஏன் இல்லை? கறிவேப்பிலை, இஞ்சி, உப்பு, அப்புறம் ஒரு சிட்டிகை பெருங்காயம், இதுதானே நம் ஊர் நீர்மோர்? கடையில் விற்கும் பெருங்காயம் அநேகமாகக் கூட்டுப் பெருங்காயம். அசல் பிசினைத் தனியாகச் சமையலுக்குப் பயன்படுத்துபவர்கள் குறைவு, காரம் தாங்காது. அதனால் கோந்தும் மாவும் கலந்துதான் விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் மைதா அல்லது கோதுமை மாவு. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், எழுதியிருக்கும்.

ஒரு சிட்டிகைதானே என்று தோன்றும். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் தொடர்ந்து உள்ளே போனால் சீலியாக் நோயாளியின் குடல் கெடுகிறது என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். 50 மில்லிகிராம் என்பது ஏறத்தாழ அரை கிராம் மைதா. சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், கூட்டு என்று எத்தனை சிட்டிகை ஒரு நாளில் சேர்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். மோர் ஒத்துக்கொள்ளாமல் போனது இதனால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நான் உங்கள் சமையலறைக்கு வந்தால் முதலில் கையில் எடுப்பது அந்தப் பெருங்காய டப்பாவைத்தான். அரிசி மாவு கலந்த, குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பெருங்காயமும் விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் சீரகமும் இஞ்சியும் போதும், ஒன்றும் குடி முழுகிப் போகாது.

அடுத்தது மில். கேழ்வரகில் குளூட்டன் இல்லை. ஆனால் ஊர் மாவு மில்லில் உங்களுக்கு முன்னால் யாராவது ரேஷன் கோதுமையை அரைத்திருப்பார்கள். கல்லிலும் தொட்டியிலும் ஒட்டியிருக்கும் கோதுமை மாவு முதலில் உங்கள் பையில்தான் விழும். விடியற்காலையில் முதல் ஆளாகப் போகிறேன் என்று சிலர் சொல்வார்கள். நேற்றைய கோதுமை கல்லிலேயேதான் இருக்கும், எங்கே போகும்? முழுக் கேழ்வரகாக வாங்கி, கழுவிக் காயவைத்து, வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள். மிளகாய்த்தூள், சாம்பார்ப்பொடி, அரிசி மாவு எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. வேலை கூடும்தான், மறுக்கவில்லை.

சரி, தாவரப் பாலுக்கு வருவோம்

ஓட்ஸ் பாலை இன்றே நிறுத்துங்கள். ஓட்ஸ் கோதுமை இல்லைதான். ஆனால் கோதுமையும் பார்லியும் விளையும் வயலிலும், ஏறும் வண்டியிலும், அரைக்கும் ஆலையிலும் அது கலந்துவிடுகிறது. தவிர, சீலியாக் உள்ளவர்களில் சிறு பகுதியினருக்கு ஓட்ஸின் சொந்தப் புரதமே ஒத்துக்கொள்ளாது. குளூட்டன் இல்லை என்று சான்றிட்ட ஓட்ஸ் என்றால் பிற்பாடு, உங்கள் ரத்தப் பரிசோதனை சரியான பிறகு, மருத்துவரிடம் கேட்டுச் சேர்த்துப் பார்க்கலாம். குடல் இன்னும் ஆறிக்கொண்டிருக்கும் இப்போது வேண்டாம். 'தாவரப் பால், அதனால் சுத்தம்' என்ற நம்பிக்கை உங்களை ஏமாற்றிய இடம் இதுதான்.

பாதாம் பாலில் குளூட்டன் ஆபத்து குறைவு, சத்தும் குறைவு. பல டப்பாக்களில் பாதாமின் பங்கு நூற்றுக்குச் சில சதவீதம்தான், மீதி தண்ணீர். ஒரு டம்ளரில் புரதம் ஒரு கிராம் தேறினால் பெரிது. அதே டம்ளர் பசும்பாலில் ஆறேழு கிராம் இருக்கும். காபிக்கு நிறம் வர வேண்டும் என்றால் வாங்குங்கள். ரத்தசோகையிலிருந்து மீண்டு வரும் உடம்புக்கு அது உணவு ஆகாது. இதில் நம் ஊருக்கே உரிய ஒரு குழப்பமும் இருக்கிறது: கும்பகோணத்துப் பால் கடையில் சாயங்காலம் 'பாதாம் பால்' என்று கேட்டால், பசும்பாலைச் சுண்டக் காய்ச்சிப் பாதாம் அரைத்துப் போட்டுத்தான் தருவார்கள். அது பால்தான். அதைக் குடித்துவிட்டு 'பாதாமும் ஒத்துக்கொள்ளவில்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சோயா பால்தான் புரதத்தில் பசும்பாலுக்குப் பக்கத்தில் வருவது. 100 மில்லிக்கு ஏறத்தாழ மூன்று கிராம். வீட்டில் செய்வதானால் சோயா பருப்பை இரவு முழுக்க ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்து, வடிகட்டி, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவையுங்கள். பச்சை சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு, சரியாகக் கொதிக்காவிட்டால் அதற்கே வயிறு உப்பும். வீட்டுச் சோயா பாலில் கால்சியம் அதிகம் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். டப்பாவில் வரும் பலவற்றில் தனியாகச் சேர்த்திருப்பார்கள்.

தேங்காய்ப் பால் பற்றி நீங்கள் கேட்கவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்புகளுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு டப்பாப் பாலுக்கு மூவாயிரம் செலவழிப்பது எனக்கு ஆச்சரியம்தான். குளூட்டன் இல்லை, லாக்டோஸ் இல்லை, கலப்படம் செய்ய நடுவில் ஆளும் இல்லை. ஆனால் அது கொழுப்பு மிகுந்த பால். முதல் பாலை அப்படியே குடித்தால் ஆறாத குடல் முரண்டு பிடிக்கும். இரண்டாம் பாலை ஆப்பத்துக்கு, சொதிக்கு, பாயசத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்சியத்துக்கு அதை நம்ப முடியாது. நிலக்கடலைப் பாலும் அப்படியே: புரதம் உண்டு, விலை மலிவு, கால்சியம் சொற்பம்.

டப்பாவின் பின்பக்கம்

முன்பக்கத்துப் படத்தை விடுங்கள். 2021இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் போட்ட உத்தரவுக்குப் பிறகு இந்தத் தாவர பானங்களின் பெயரில் 'மில்க்' என்று போடக்கூடாது (தேங்காய்ப் பாலுக்கு விலக்கு உண்டு). அதனால் 'சோயா பெவரேஜ்', 'ஆல்மண்ட் டிரிங்க்' என்றுதான் தேட வேண்டும். பின்பக்கத்தில் நான்கு விஷயம் பாருங்கள்.

'குளூட்டன் ஃப்ரீ' என்ற சொல்: நம் நாட்டு விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மிகாமல் இருந்தால்தான் இப்படிப் போடலாம். 'லோ குளூட்டன்' என்பது வேறு, 20 முதல் 100 வரை. அது உங்களுக்கு ஆகாது.

ஒவ்வாமை வரி: கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ் சேர்ந்திருந்தால் 'கன்டெய்ன்ஸ்' என்று தனியாக எழுதியாக வேண்டும். இது சலுகை இல்லை, வாங்குபவரின் உரிமை. குளூட்டன் ஃப்ரீ என்று போட்டுவிட்டுப் பொருள் பட்டியலில் பார்லி இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுக்கலாம். பில்லையும் டப்பாவையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மால்ட்: சாக்லேட் வாசனை சேர்த்த பானங்களில் பார்லி மால்ட் வரும். ஹார்லிக்ஸ் மாதிரியான மால்ட் பானங்கள் உங்களுக்கு அறவே கூடாது. ராகி மால்ட் என்பது முளைகட்டிய கேழ்வரகு, பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் கடையில் வாங்கும் சத்துமாவில் பெரும்பாலும் கோதுமை இருக்கும்.

கால்சியம்: 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் அளவுக்கு இருந்தால் பசும்பாலுக்குச் சமம். சேர்த்த கால்சியம் அடியில் படிந்துவிடும், குலுக்கிவிட்டு ஊற்றுங்கள்.

கால்சியம் என்றதும் மாத்திரைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கால்சியம் சேர்த்த பானம், சோயா, இரும்புச்சத்து மாத்திரை மூன்றுமே தைராய்டு மாத்திரை உடம்பில் ஏறுவதைத் தடுக்கும். நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் எழுந்ததும் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை, காபியோ டிபனோ ஒரு மணி நேரம் கழித்து, இரும்பு மாத்திரை மதியத்தில், சோயா சாயங்காலத்தில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் காலை ஏழு மணிக்குள் எல்லாமே வயிற்றுக்குள் போய்விடுகிறது.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, தோல் நீக்காத எள், அசைவம் உண்டென்றால் முள்ளோடு சாப்பிடும் நெத்திலி. இவற்றோடு இரண்டு கிண்ணம் தயிர் சேர்ந்தால் டப்பாவை நம்பியிருக்கத் தேவையே இல்லை. எலும்பு அடர்த்தியும் வைட்டமின் டி-யும் பார்த்தார்களா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள். சீலியாக் எந்த அளவுக்கு அடங்கியிருக்கிறது என்று காட்டும் டிடிஜி ரத்தப் பரிசோதனையையும் திரும்பச் செய்யச் சொல்லுங்கள், எட்டு மாதம் ஆகிவிட்டது. அது இன்னும் அதிகமாகவே இருந்தால், எங்கிருந்தோ குளூட்டன் உள்ளே வருகிறது என்று அர்த்தம். பெருங்காயத்தையும் மில்லையும் ஓட்ஸையும் நிறுத்திய பிறகும் எடை குறைந்துகொண்டே போனாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, அடுத்த முறை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

மகள் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்

பாலை நிறுத்துவதால் சீலியாக் வராமல் போகாது. பாலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 650 மில்லிகிராம் கால்சியம் வேண்டும், அடுத்த வருடம் இன்னும் கூடும். அரிசிப் பாலில் கால்சியமும் சொற்பம், புரதமும் சொற்பம். அது வடிகட்டிய கஞ்சி. காலை மதியம் இரவு சோறு சாப்பிடும் குழந்தைக்கு நாலாவது வேளையாகவும் அரிசியையே ஊற்றுகிறீர்கள். அரிசி நிலத்திலிருந்து ஆர்செனிக் என்ற நச்சுப்பொருளைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும் பயிர். அதனால்தான் பிரிட்டனில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பாலுக்குப் பதிலாக அரிசி பானம் தர வேண்டாம் என்கிறார்கள். உங்கள் மகள் பெரியவள், பதற வேண்டாம். ஆனால் நாளை முதல் அவளுக்குப் பாலைத் திருப்பிக் கொடுங்கள்.

உங்கள் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சீலியாக் உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் சுமார் பத்தில் ஒருவருக்கு அது இருக்க வாய்ப்புண்டு. அதற்கு வழி ரத்தப் பரிசோதனை. ஒரு நிபந்தனை: பரிசோதனை முடியும்வரை குழந்தை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். முன்பே நிறுத்தினால் நோய் இருந்தும் பரிசோதனையில் தெரியாமல் போகும். நல்லவேளையாகப் பள்ளியில் காலை உணவுத் திட்டத்தில் ரவா உப்புமா, சேமியா எல்லாம் சாப்பிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தடுக்காதீர்கள். இந்த மாதமே பரிசோதனை எடுத்துவிடுங்கள். முடிவு வந்த பிறகு அவளுக்கு என்ன சாப்பாடு என்று பேசலாம்.

காபி

பசும்பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ ஐந்து கிராம் லாக்டோஸ். பால் ஒத்துக்கொள்ளாதவர்களிலேயே பலர் ஒரு வேளைக்குப் பன்னிரண்டு கிராம் வரை, சாப்பாட்டோடு சேர்த்தால், தாங்குகிறார்கள். உங்கள் வீட்டு டபராவில் ஒரு காபிக்கு எவ்வளவு பால் ஊற்றுவார்கள்? நூறு மில்லி இருக்குமா? காபித்தூளிலும் குளூட்டன் இல்லை, சிக்கரி ஒரு வேர், அதிலும் இல்லை.

முதல் மூன்று வாரம் பெருங்காயம், மில் மாவு, ஓட்ஸ் மூன்றையும் நிறுத்திவிட்டு வயிறு அமைதியாகிறதா என்று பாருங்கள். அதுவரை காபிக்கு லாக்டோஸ் நீக்கிய பசும்பால் வாங்கலாம், பெரிய ஊர்க் கடைகளில் பெட்டியில் கிடைக்கிறது. லாக்டோஸ் உடைந்திருப்பதால் அது இயல்பாகவே கொஞ்சம் இனிக்கும், சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளுங்கள். சோயாதான் வேண்டும் என்றால் சாயங்காலக் காபிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் டிகாக்‌ஷனில் ஊற்றினால் திரிந்துவிடும், டிகாக்‌ஷனைச் சற்று ஆறவிட்டு, சூடான சோயாவில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ருசி டிகிரி காபி மாதிரி இருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன்.

நாலாவது வாரம், ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை, எட்டு மணிக்கு இட்லி. இட்லிக்குப் பிறகு வீட்டுப் பாலிலேயே கால் டம்ளர் காபி. மூன்று நாள் தொந்தரவு இல்லையென்றால் அரை டம்ளர். கொல்லைப்பக்கம் போகாமல், மாமியார் எதிரிலேயே உட்கார்ந்து குடியுங்கள்.